தை மாதக் குளிரும் நிலவறை வைனும்

ரொறன்ரோவிலிருந்து அழைக்கிற உறவினர்கள் தை மாதத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “இந்தக் குளிருக்குள் அங்கே தனியாகக் கிடந்து என்ன செய்கிறீர்கள்?” வேலை செய்கிறோம் என்பேன். எங்களோடு சேர்ந்து குளிரும் வேலை செய்கிறது என்பதைத் தொலைபேசியில் விளக்குவது கடினம். அதனால் இங்கே எழுதுகிறேன். விறகு நன்றாகப் பிளக்க, ஐப்பசியில் நட்ட உள்ளி பல் பிரிய, ஆண்டு முழுவதற்குமான வைன் தெளிய எனக்கு இந்தக் குளிர் வேண்டும். மார்கழி பிறந்தும் மழையாகவே பெய்துகொண்டிருந்தால் மனம் பதறத் தொடங்கிவிடும்.

நாங்கள் இருப்பது பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில். ஒன்ராறியோ ஏரிக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கும் நிலம். பல இடங்களில் மண்வெட்டி ஓரடி இறங்குவதற்குள் சுண்ணாம்புக்கல்லில் முட்டும். நான் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்து உரும்பிராயிலும் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல்தான். இங்கே வந்த புதிதில் கிணற்றுநீர் கேத்தலின் உள்ளே வெள்ளைப் படையாகப் படிந்ததைப் பார்த்தபோதே இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது. கல் நிறைந்த மண் திராட்சைக்கு ஏற்றது என்பதால் சுற்றிவர வைன் தோட்டங்கள். பினோ நுவார், ஷார்டனே போன்ற ஐரோப்பிய இனங்களை வைத்திருப்பவர்கள் கார்த்திகையில் கொடிகளைத் தாழ்த்திக் கட்டி, மண் அணைத்து மூடி, பனி போனபிறகு மறுபடி தோண்டியெடுப்பார்கள். மூடாமல் விட்டால் கடுங்குளிர் இரவொன்றிலேயே அரும்புகள் கருகிவிடும். எங்கள் வேலியோரம் நிற்பது கொன்கோர்ட். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதே பெயருள்ள ஊரில், எஃப்ரைம் புல் என்பவர் காட்டுத் திராட்சையின் விதைகளை முளைக்கவைத்துத் தேர்ந்தெடுத்து 1849இல் உருவாக்கிய இனம். அதற்கு மண்போர்வை தேவையில்லை. பனிக்குள் அப்படியே நிற்கும்.

காலை வேலை அடுப்பில் தொடங்கும். இரவு சாம்பலால் மூடிவைத்த தணல் விடியும்வரை இருக்கும். அதை முன்பக்கம் இழுத்து, மெல்லிய சிராய்களை வைத்து, காற்றுவழியைத் திறந்துவிட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். மிஞ்சிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே கல்லின்மேல் வைக்கவேண்டும். சாம்பலுக்குள் புதைந்த தணல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதை மரத்தளத்தில் வைப்பது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம். வேறு ஊர்களில் சாம்பலைத் தோட்டத்துக்குப் போடுவார்கள். எங்கள் மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே அதிகம் என்பதால் தோட்டத்துக்கு ஒரு பிடிகூடப் போடுவதில்லை. வழுக்கும் படிகளில் தூவுவேன். மீதி கோழிகள் புரண்டு குளிக்கும் மண்பெட்டிக்கு.

விறகில் பாதி ஆஷ் மரம். மரகதப் பச்சை நிறத்தில் ஒரு சிறு வண்டு, ஆசியாவிலிருந்து வந்தது, கனடாவில் முதன்முதலாக 2002இல் வின்ட்சர் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று மரத்தின் உணவோட்டத்தையே அறுத்துவிடுகிறது. எங்கள் காணியின் பின்பக்கத்தில் நின்ற ஆஷ் மரங்கள் எல்லாம் பட்டுவிட்டன. பட்டையில் ஆங்கில ‘D’ எழுத்து வடிவத்தில் சிறு துளைகள் இருந்தால் அந்த மரம் இனித் தேறாது. விழுத்தி விறகாக்குகிறோம். எத்தனையோ வருடம் நிழல் தந்த மரங்களை அடுப்பில் வைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மற்றப் பாதி மேப்பிள். அதை என் கணவர் கோடையில் தொடவே மாட்டார். பூச்சியத்துக்குக் கீழே 15 டிகிரி வரவேண்டும். பச்சை மரத்துக்குள் இருக்கும் ஈரம் உறைந்து, நார் தன் இழுவையை இழந்துவிடும். கோடையில் கோடரியைக் கவ்விப்பிடிக்கிற அதே கட்டை, இப்போது நடுவில் ஓர் அடி விழுந்ததும் கணீரென்று இரண்டாகப் போகும். பிளந்த முகத்தில் பனித்துகள் மின்னும். மூக்கருகே கொண்டுபோனால் மெல்லிய இனிப்பு மணம்.

கோழிகளுக்கு வெப்ப விளக்குப் போடுவதில்லை. உலர்ந்த வைக்கோலும் தூசும் நிறைந்த கூட்டுக்குள் சூடான பல்பைத் தொங்கவிடுவது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை. கோழியின் கொண்டையைக் கருக்குவது குளிரைவிடக் கூட்டுக்குள் தேங்கும் ஈரந்தான். கூரைக்குக் கீழே காற்று போய்வர இடம்விட்டு, கீழே தடிப்பாக வைக்கோல் பரப்பினால் அவை தங்கள் இறகுக்குள் தாமே சூடாக இருந்துகொள்ளும். நாங்கள் வளர்ப்பது சாண்ட்கிளேர் இனம். கியூபெக்கில் ஓகா என்ற ஊரின் மடத்தில் இருந்த ஒரு துறவி, இந்த நாட்டுக் குளிருக்கென்றே உருவாக்கியது. கொண்டையும் தாடியும் மிகச் சிறியவை. உறைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீர்தான் தொல்லை. ரப்பர் வாளியைக் கவிழ்த்து ஏறி மிதித்தால் பனிக்கட்டி முழுதாகக் கழன்று விழும். வெந்நீர் ஊற்றிவிட்டு முட்டைகளை உடனே எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் உள்ளே உறைந்து ஓடு வெடித்துவிடும்.

இனி நிலவறை.

யாழ்ப்பாணத்தில் வெப்பம் எதையும் காத்திருக்க விடாது. பனையிலிருந்து காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்து ஏறிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் கருப்பநீர், தடவாவிட்டால் கள். காற்றில் இருக்கிற ஈஸ்ட், அந்தப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர், எங்களைக் கேட்டு வேலை செய்வதில்லை. இங்கே புரட்டாதிக் கடைசியில் கொன்கோர்ட் பழங்களைப் பறித்து நசுக்கும்போது சுண்ணாம்பின் இடத்தில் மிகச் சிறிதளவு கந்தக உப்புப் போடுகிறேன். காட்டு ஈஸ்ட் அடங்கியபிறகு நான் விரும்பும் ஈஸ்ட்டை இடுவேன். கொன்கோர்ட் சாற்றில் இயற்கையான இனிப்புப் போதாது. எங்கள் பழத்தில் 16 பிரிக்ஸ், அதாவது சாற்றில் நூற்றுக்குப் பதினாறு பங்கு சீனி, வந்தால் அது நல்ல வருடம். அப்படியே விட்டால் 9 சதவீத வைன்தான் கிடைக்கும். அது நிற்காது. லீற்றருக்கு 17 கிராம் சீனி போட்டால் ஏறக்குறைய ஒரு சதவீதம் ஏறும் என்ற கணக்கில் 12 சதவீதத்துக்குக் கொண்டுவருவேன். தோலோடு சில நாட்கள் பொங்கவிட்டு, பிழிந்து, 23 லீற்றர் கண்ணாடிச் சாடிகளில் நிரப்பி, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத நீர்மூடியைப் பொருத்தி நிலவறைக்கு இறக்கிவிடுகிறோம். கார்த்திகை நடுவில் மூடியின் குமிழிச் சத்தம் நின்றுவிடும்.

அப்போது குடித்துப் பார்த்தால் பல் கூசும். கொன்கோர்ட்டின் புளிப்பு அப்படி. தண்ணீர் கலந்து புளிப்பைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்புத் தூள் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் கலந்தால் நிறமும் மணமும் சேர்ந்தே வெளிறிப்போகும், தூள் அளவு தப்பினால் நாக்கில் மண்போலத் தெரியும். நான் இரண்டையும் செய்வதில்லை. தை மாதம் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

தை வந்ததும் சாடிகளைச் சூடாக்கப்படாத பின்விறாந்தைக்கு ஏற்றுவோம். வெப்பமானி பூச்சியத்துக்கு ஒரு டிகிரி மேலே, ஒரு டிகிரி கீழே என்று நிற்கவேண்டும். 12 சதவீத வைன் பூச்சியத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரியில்தான் உறையத் தொடங்கும் என்பதால் அவ்வளவு இடைவெளி இருக்கிறது. கடுங்குளிர் இரவுகளில் குசினிக் கதவைச் சற்றுத் திறந்துவைத்து விறாந்தைக்கு வெதுவெதுப்புக் கொடுப்பேன். இரவில் எழுந்து வெப்பமானியைப் பார்ப்பது எனக்குச் சுமையாகத் தோன்றியதே இல்லை.

இரண்டு வாரத்தில் நடப்பதை நான் ஒவ்வொரு வருடமும் கண் எடுக்காமல் பார்க்கிறேன். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகிறது. சூட்டில் கரைந்திருக்கும் அந்த உப்பு, குளிரில் கரைந்திருக்க முடியாமல் படிகமாகிறது. முதலில் கண்ணாடியின் உட்புறத்தில் ஊசிமுனை அளவு மினுக்கம். பிறகு சாடியின் தோள்பட்டையிலும் அடியிலும் படை படையாக ஒட்டிக்கொள்ளும். டோர்ச் வெளிச்சம் பட்டால் ஒவ்வொன்றும் கருஞ்சிவப்பாகத் தெரியும். விரலில் எடுத்து உரசினால் நறநறக்கும், நாக்கில் வைத்தால் புளிக்கும். வைனுக்குள் இருந்த புளிப்பில் ஒரு பங்கு இப்படிக் கல்லாகிக் கண்ணாடியில் நின்றுவிடுகிறது. நான் எதையும் போடவில்லை, எதையும் எடுக்கவில்லை. சமையலுக்குப் பயன்படும் டார்டர் உப்பும் இதே பொருள்தான். வைன் சாடிகளில் படிவதைச் சுத்தம் செய்துதான் தயாரிக்கிறார்கள்.

பிறகு தெளிவை இறுத்தெடுப்பது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். நிறைந்த சாடியை மேசைமேலும் கழுவிய சாடியை நிலத்திலும் வைத்து, குளிர் விடுவதற்கு முன்பே குழாயை இறக்கிவிட வேண்டும். சூடு ஏறினால் படிகம் மறுபடி கரையும். கணவர் சாடிக்குப் பின்னால் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் குழாயின் நுனியை வைனின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பிடித்து, அது இறங்க இறங்க நானும் இறக்குவேன். ஆரம்பத்தில் பேசிக்கொள்வோம். மண்டி நெருங்கியதும் பேச்சு நின்றுவிடும். அடியில் கலங்கல் ஒரு நூலாக எழுந்து குழாயை நோக்கி வரும். “இன்னும் கொஞ்சம் இருக்கிறது” என்பார் அவர். “போதும், எடுங்கள்” என்று நான் குழாயை உயர்த்திவிடுவேன். அந்தக் கடைசி அரைக் கோப்பையை ஆசைப்பட்டு எடுத்தால் இத்தனை நாள் குளிர் செய்த வேலை வீணாகிவிடும். புதிய சாடியைக் கழுத்துவரை நிரப்பவேண்டும்; குறைந்தால் போன வருடத்து வைனை ஊற்றியாவது நிரப்புவேன். மேலே காற்றுக்கு இடமிருந்தால் விநாகிரிதான் மிஞ்சும்.

நல்ல வைன் தெரிந்தவர்கள் கொன்கோர்ட்டை மதிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கென்று தனி மணம் இருக்கிறது. வட அமெரிக்காவில் கடைகளில் விற்கும் திராட்சை ஜாம் பெரும்பாலானவற்றில் வருகிற மணம். எனக்கு அது குறையாகப் படவில்லை. இந்த வேலியில் இந்தக் கொடி தருவது இது. பினோ நுவார் வேண்டுமென்றால் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கலாம், நன்றாகவே செய்கிறார்கள். எங்கள் வைன் விற்பனைக்கு இல்லை. சட்டமும் அனுமதிக்காது, எங்களுக்கும் அந்த எண்ணம் இல்லை. தைப்பொங்கலுக்கு வருகிறவர்களுக்கு முந்தைய வருடத்துப் போத்தல் ஒன்று திறக்கும். ஆட்டிறைச்சிக் கறிக்கு அதன் புளிப்பு மிகவும் பொருத்தம்.

இனி மிச்சமிருப்பது கொடி வெட்டுவது. உரும்பிராயில் எங்கள் வீட்டு முற்றத்தில் முந்திரிகைப் பந்தல், அதாவது திராட்சைப் பந்தல், இருந்தது. அங்கே கொடிக்கு உறக்கம் இல்லை. இலை ஓயாமல் தளிர்க்கும். அப்பா தண்ணீரை நிறுத்தி, இலையை உருவி, கொப்புகளைக் குறைத்து வெட்டுவார். அதன்பிறகுதான் பூங்கொத்து வரும். குளிர் இல்லாத ஊரில் கொடியை மனிதன்தான் உறங்கவைத்து எழுப்பவேண்டும். இங்கே அந்த வேலையைக் குளிரே செய்துவிடுகிறது. எனக்கு எஞ்சுவது கத்தரிக்கோல் வேலை மட்டும்.

அதையும் மாசிக் கடைசிக்கு முன் தொடமாட்டேன். எந்தக் கொப்பு குளிரைத் தாங்கியது, எது தாங்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும். அரும்பைக் கூரான கத்தியால் குறுக்கே கீறிப் பார்த்தால் உள்ளே பச்சையாக இருக்கவேண்டும். பழுப்பாக இருந்தால் அது பட்டுவிட்டது. போன கோடையில் வளர்ந்த, பென்சில் தடிப்புள்ள நல்ல கொப்புகள் சிலவற்றை விட்டுவிட்டு மற்றதெல்லாம் வெட்டுவேன். பத்தில் ஒன்பது பங்கு நிலத்தில் விழும். முதன்முறை பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள். ஆனால் காய்ப்பது போன வருடத்துக் கொப்பிலிருந்து புதிதாக எழும் தளிர்தான். பழையதை எல்லாம் வைத்திருந்தால் இலை மிகுந்து பழம் சிறுத்துவிடும். வெட்டிய கொப்புகளைக் கட்டிக் காயவைத்தால் அடுத்த மார்கழியில் அடுப்புப் பற்றவைக்கும் சிராய்க்கு ஆகும்.

இந்த வருட வைனை வைகாசியில் போத்தலில் அடைப்போம். ஒரு குளிர்காலம் போதாது, இரண்டு கண்டால்தான் கொன்கோர்ட் அடங்கும் என்று பக்கத்துக் காணியில் இருக்கும் இத்தாலியப் பெரியவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருடைய தகப்பன் காலத்திலிருந்து வீட்டில் வைன் போடுகிறவர்கள். அவர் சொல்லைக் கேட்டுப் பாதியை இரண்டாவது தை மாதம்வரை நிலவறையிலேயே விட்டுவைக்கப் போகிறேன்.