பூ கட்டும்போது பேசாதே

"சிலிண்டர் வந்துச்சாடா?"

வந்துவிட்டது பெரியம்மா என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறப்பதற்குள் அதே கேள்வி மறுபடியும் வரும். போன வருஷம் வரைக்கும் "இப்பதானே சொன்னேன்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வயசானவர்கள் இரண்டு பேர், அம்மாவுக்கு 71, அவருடைய அக்காவுக்கு 76. இரண்டு பேருமே மறக்கிறார்கள். அம்மா மூக்குக் கண்ணாடியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவார், பெரியம்மா காலையில் சாப்பிட்ட இட்லியையே மறந்துவிட்டு பதினோரு மணிக்குப் பசிக்கிறது என்பார். வயசாச்சு, மறதி, அவ்வளவுதானே என்று இரண்டையும் ஒரே கணக்கில் எழுதி வைத்திருந்தோம்.

அது தப்பு என்று புரிந்தது டாக்டர் அறையில்தான். துணைக்கு வந்த அம்மாவும் "எனக்கும் பாருங்க" என்று உட்கார்ந்துகொண்டார். டாக்டர் மூன்று வார்த்தை சொன்னார்: சாவி, மாம்பழம், ரயில். திருப்பிச் சொல்லச் சொன்னார், இரண்டு பேரும் சொன்னார்கள். அப்புறம் 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 1975-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் 30 மார்க் பரீட்சையில் வருகிற கேள்விகள்தான் இவை. கழித்தல் கேட்பது கணக்குத் தெரியுமா என்று பார்க்க இல்லை, கவனம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க. கூடவே இன்னொரு வேலையும் நடக்கிறது: கழித்துக்கொண்டிருக்கிற மனசால் அந்த மூன்று வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டே இருக்க முடியாது.

பிறகு அந்த மூன்று வார்த்தை என்ன என்று கேட்டார். அம்மாவுக்கு சாவியும் ரயிலும் வந்தன, மூன்றாவது வரவில்லை. "ஒரு பழம்" என்று எடுத்துக்கொடுத்ததும் "மாம்பழம்!" என்று கிட்டத்தட்ட எழுந்தே நின்றுவிட்டார். பெரியம்மா மரியாதையாகச் சிரித்தார். "நீங்க ஒண்ணும் சொல்லலையே சார்." பழம் என்று சொல்லிப் பார்த்தும் பயனில்லை.

மறதி என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது இங்கே இரண்டாகப் பிரிந்துவிட்டது. அம்மாவிடம் அந்த வார்த்தை இருந்தது, எடுக்கத்தான் நேரமானது. வயசானால் மூளையின் வேகம் குறையும், பெயர்கள் தொண்டை வரை வந்து நிற்கும், லேசாக எடுத்துக்கொடுத்தால் வந்துவிடும். பெரியம்மாவிடம் அது பதியவே இல்லை. புது விஷயங்களைப் பதிய வைப்பது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. அல்சைமர் நோயில் டௌ என்கிற புரதம் முறுக்கிக்கொண்டு நரம்பு செல்களைக் கெடுப்பது அதிலும் அதை ஒட்டிய பகுதியிலும்தான் சீக்கிரமே தொடங்குகிறது. அதனால் "இப்பதானே சொன்னேன்" என்பது எனக்கு மட்டும்தான் உண்மை, அவருக்கு நான் எதுவுமே சொல்லவில்லை. (பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும் என்பதால் டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் அனுப்பினார். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.)

இதில் சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் பெரிய பாடு. பெரியம்மா ராமேஸ்வரத்தில் வளர்ந்தவர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது அவருக்குப் பதினைந்து வயசு. அந்த ராத்திரிக் காற்றின் சத்தம், ரயிலே கடலோடு போய்விட்டது என்று ஊர் பேசிக்கொண்டது, எல்லாம் நேற்று நடந்த மாதிரி சொல்வார். அதைக் கேட்டுவிட்டு "எல்லாம் ஞாபகம் இருக்கே, இட்லி மட்டும் எப்படி மறக்கும், நடிக்கிறாங்களோ" என்று ஒருவர் என் காதருகே வந்து சொன்னார். புதுசு முதலில் போகும், பழசு கடைசியில்தான் போகும் என்பதை ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1881-லேயே எழுதி வைத்துவிட்டார். இது வெறும் வயசுக் கோளாறும் இல்லை. 1901-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் டாக்டர் அல்சைமர் பார்த்த அந்த முதல் நோயாளி அகுஸ்டே டீட்டருக்கு வயது 51தான். தட்டில் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் இருக்க, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் கீரை என்றாராம்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஞாபகம் இல்லை, கவனம். பெரியம்மா இன்னும் பூ கட்டுவார். மல்லிகையை இரண்டு இரண்டாக வைத்து வாழைநாரைச் சுற்றி முடிச்சுப் போடும் வேகத்துக்கு நான் வீடியோ எடுத்தால் மங்கலாகத்தான் வரும். கைப்பழக்கத்தின் ஞாபகம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது, அது இன்னும் கெடவில்லை. ஒரு நாள் கட்டிக்கொண்டிருக்கும்போது "காபி வேணுமா பெரியம்மா?" என்றேன். கை நின்றது. "வேணும்" என்றார். அப்புறம் மடியில் இருக்கும் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார், எதற்கு அது அங்கே கிடக்கிறது என்பது போல. முன்பெல்லாம் தெருக்கதை முழுக்கப் பேசி முடிப்பதற்குள் நாலு முழம் கட்டிவிடுகிறவர்.

இரண்டு வேலைக்குக் கவனத்தைப் பங்கு போடுவது வயசானால் எல்லோருக்கும்தான் கஷ்டம், அல்சைமரில் அது சீக்கிரமே நொறுங்கிவிடுகிறது. ஸ்வீடனில் ஒரு முதியோர் குடியிருப்பில் 58 பேரைக் கவனித்திருக்கிறார்கள், 1997-இல் வெளியான சின்ன ஆய்வு அது. நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் 12 பேர் நடையை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொன்னார்கள், அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் எங்கேயோ விழுந்திருக்கிறார்கள். படித்த நாளிலிருந்து பெரியம்மா பாத்ரூம் பக்கம் நடந்தால் நான் வாயே திறப்பதில்லை.

இப்போது டிவியை அணைத்துவிட்டு, எதிரில் போய் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் சொல்கிறேன். சிலிண்டர் கேள்வி நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது. "வந்துடுச்சு" என்று ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி சொல்லப் பழகிவிட்டேன், சில நாள் அதுவும் முடிவதில்லை.

அம்மாதான் பயந்துபோயிருக்கிறார். தினமும் காலையில் சமையலறையிலிருந்து கழித்தல் சத்தம் வருகிறது. நேற்று சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரண்டு என்று சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தார். அறுபத்தைந்துக்கு முன்னால் கடுகு கருகிவிட்டது.