கழுத்தில் பிளேட், வலி இடுப்பில்

2024 ஜூன் 3, திங்கள்
தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இடது கால் கனக்கிறது. படியில் உட்கார்ந்தால் தணிகிறது; எழுந்து நடந்தால் மறுபடியும் அதே கதை.

ஜூன் 6, வியாழன்
அக்கா போன் செய்தாள். "கழுத்தில் வைத்த ஸ்குரூ கழன்று கீழே இறங்கியிருக்குமடா!" 2019இல் எனக்கு முன்கழுத்து வழியாகச் சி5-சி6 டிஸ்கை (கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டை) எடுத்து, டைட்டானியம் பிளேட் வைத்து முடுக்கினார்கள். முன்கழுத்து வழியாக டிஸ்கை எடுப்பது 1950களிலிருந்தே மருத்துவ ஏடுகளில் இருக்கும் முறைதான். கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவே மார்புப் பகுதியில் 12 எலும்புகள் இருக்கின்றன. அப்படியே ஸ்குரூ தளர்ந்தாலும் அது முன்பக்கம் உணவுக்குழாயை நோக்கித்தான் வரும். விழுங்கச் சிரமமாக இருக்கும். இதையெல்லாம் சொன்னேன். "எதற்கும் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு" என்றாள்.

ஜூன் 11, செவ்வாய்
இடுப்பு வலி என்று போனால் டாக்டர் என் கையைப் பிடித்துப் பார்க்கிறார்! சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். நடுவிரல் நகத்தைச் சுண்டினார். அடிமேல் அடி வைத்து நேர்கோட்டில் நடக்கவிட்டார். பிறகுதான் சுத்தியலை எடுத்து முழங்காலையும் கணுக்காலையும் தட்டி, உள்ளங்காலைக் கீறினார்.

காரணம் கேட்டதும் சலிக்காமல் விளக்கினார். தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல், இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள்தாம். வேர் நசுங்கினால், சுத்தியலால் தட்டும்போது வரும் கால் துள்ளல் மந்தமாகும். கழுத்தில் தண்டுவடம் நசுங்கினால் விரல் தடுமாறும், துள்ளல் மிகையாகும். இரண்டு இடத்திலும் நரம்பு செல்லும் பாதை குறுகியிருந்தால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். தேய்மானம் ஒரு மாடியோடு நிற்பதில்லையாம். அதனால் கழுத்தில் கத்தி பட்டவர் இடுப்பு வலி என்று வந்தால் கழுத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார். இரண்டும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் கழுத்துக்குத்தான் முதல் மரியாதை.

என் கை சோதனையில் தேறிவிட்டது. இடது கணுக்கால் துள்ளல் மட்டும் மந்தம்.

ஜூன் 14, வெள்ளி
எம்.ஆர்.ஐ. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது; இருந்தாலும் பழைய அறுவைச் சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே உள்ளே விட்டார்கள். நல்ல பழக்கம். அறிக்கையில் எல்4-எல்5, எல்5-எஸ்1 (இடுப்பின் அடியிலுள்ள கடைசி இரண்டு டிஸ்குகள்) இரண்டிலும் தேய்மானம், பாதை குறுகல். மைத்துனர் படித்துவிட்டு முகம் வெளுத்தார். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. படத்துக்கு யாரும் மருத்துவம் செய்வதில்லை.

ஜூன் 15, சனி
வெயில். நடக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்
பிசியோதெரபி. இடுப்புக்கு எல்லோரும் சிபாரிசு செய்யும் புஜங்காசனம் எனக்கு வேண்டாம் என்று அந்தப் பெண் வெட்டிச் சொல்லிவிட்டாள். முதுகைப் பின்னால் வளைத்தால் குறுகிய பாதை இன்னும் குறுகும். கழுத்தும் பின்னால் மடியும். பதிலுக்கு, மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்புக்கு இழுப்பது, தலையைத் தூக்காமல் இடுப்பை மட்டும் உயர்த்துவது, முன்சாய்ந்து சைக்கிள் மிதிப்பது. சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப்போகத் துடிக்கும் மைத்துனருக்கு ஒன்றே ஒன்று சொன்னேன்: என் கழுத்தை எவரும் திருகப்போவதில்லை.

ஜூன் 28, வெள்ளி
உட்காராமல் முக்கால் சுற்று நடந்தேன். டாக்டர் சொன்னவற்றை நாட்காட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் துவண்டாலோ அன்றிரவே மருத்துவமனை. பொத்தான் போடும்போது விரல் தடுமாறினாலும் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த பரிசோதனை ஜூலை நடுவில். அக்காவும் உடன் வருகிறாளாம், ஸ்குரூவைப் பற்றி நேரிலேயே கேட்க.