மேப் சொல்லாத நேரம்

"தீவைச் சுற்றி 180 கிலோமீட்டர். மேப் மூன்றரை மணி நேரம்னு காட்டுது. ஒரே நாள் போதும்ல?"

இன்று கண்ணில் பட்ட கேள்வி.

போதாது. கரையோரச் சாலையில் முன்னால் ஒரு லாரி போனால் ஊர்ந்துதான் போக வேண்டும். மேப் நேரத்தோடு பாதியைக் கூட்டுங்கள். நின்று பார்க்கவும் நேரம் வேண்டும், இரண்டு நாள் வையுங்கள்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது? இதைப் பலர் யோசிப்பதே இல்லை. இடதுபக்கம் ஓட்டும் நாடென்றால் கடிகாரச் சுற்று. கடல் இடப்பக்கமே வரும். எதிர்வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் அப்படியே ஓரங்கட்டிப் பார்க்கலாம். வலதுபக்கம் ஓட்டும் நாட்டில் நேர் எதிர்.

மலைப்பாதையைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். மதியத்துக்குமேல் மேகம் கட்டி மழை கொட்டலாம். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிப் பிடிக்காது, கியரைக் குறையுங்கள்.

வெப்பமண்டலத்தில் அந்தி நீளாது. சூரியன் இறங்கிய அரைமணியில் கும்மிருட்டு.

வாடகை வண்டியின் கீறல்களை எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். ஸ்டெப்னியை யாரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை! காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, ஸ்பானர் நட்டில் உட்காருகிறதா? உப்புக்காற்றில் துருவேறிய நட்டு, நடுவழியில் அசையவே அசையாது.