பெட்டி கவிழ்ந்தது, மாத்திரை உள்ளே போனதா?

28 அறை கொண்ட தானியங்கி மாத்திரைப் பெட்டியில் (பூட்டிய பெட்டி; வேளை வந்ததும் உள்தட்டு சுழலும், கவிழ்த்தால் மாத்திரை கையில் விழும்), தினம் 4 வேளை என்றால் 7 நாளுக்குத்தான் நிரப்பலாம். சிக்கல் பெரும்பாலும் நிரப்பிய பிறகுதான். ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் சோதனை) பார்த்து டாக்டர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் அளவை மாற்றியிருப்பார்; தட்டிலோ பழைய அளவே சுற்றிக்கொண்டிருக்கும். மாற்றிய அன்றே மீதி அறைகளைத் திறந்து, புதுச் சீட்டைப் பார்த்து எண்ணிப் போடுங்கள்.

டாபிகாட்ரான் (இதுவும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கேப்சூல் ஈரத்தில் கெடும், அதன் சொந்தப் புட்டியிலேயே இருக்கட்டும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரினும் உள்ளே வேண்டாம்: வீரியம் ஆவியாகிவிடும். (நெஞ்சுவலி நேரத்தில் பூட்டோடு மல்லுக்கட்டுவதா?)

பெட்டி அனுப்பும் தகவலாக டாக்டர் திரையில் ‘எடுத்தாயிற்று’ என்று வருவது பெட்டியைக் கவிழ்த்ததற்கான பதிவு மட்டுமே, விழுங்கியதற்கு அல்ல. பாதியாக உடைத்த மாத்திரை அறையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கவிழ்த்ததும் கையில் விழுந்ததை எண்ணுங்கள்.