காம்போடு வெந்த கத்திரிக்காய்

மத்தியான மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் இடம் பிடிக்க ஓடுவோம், நினைவிருக்கிறதா? எண்பதுகளின் நடுவில், நான் படித்தபோது, வேலூர், ஆம்பூர், ஆரணி, திருவண்ணாமலை எல்லாமே ஒரே வட ஆற்காடு மாவட்டம். விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்த் திரும்பிய திங்கட்கிழமைகளில் அந்த மரத்தடியில் மாவட்டமே பந்தி விரித்த மாதிரி இருக்கும். ஆரணிக்காரன் தூக்கில் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. குடியாத்தம் பக்கத்துப் பையனிடம் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஆற்காட்டுக்காரன் வந்தால் மக்கன் பேடா, ஆளுக்குப் பாதி.

என் பெஞ்சுக்காரன் ஆம்பூர். அவன் அம்மா சீரகச் சம்பா பிரியாணி கட்டிக் கொடுத்திருப்பார். ஆனால் என் கை முதலில் போவது பக்கத்துக் கிண்ணத்துக்குத்தான். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய் கட்டா. காம்பு கழலாத சின்னக் காய், நாலாகக் கீறியது. காம்பைப் பிடித்துத் தூக்கினால் சதை பிதுங்கி விரல் வழியாக எண்ணெய் வழியும். புளிப்பு, பின்னால் ஒரு துளி வெல்லம், அடியில் எள் வாசனை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயாக இருந்தால் காம்பில் முள் இருக்கும். வெந்த பிறகும் நாக்கில் லேசாக உரசும். அந்தக் காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது, ஏதோ நானே பயிரிட்ட மாதிரி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

1994-இல் லண்டன் வந்தேன். ஆறு பேர் தங்கிய வீட்டில் சமையல் முறை வைத்து நடக்கும். என் முறையில் கட்டா செய்வேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஈஸ்ட் ஹாம் கடையில் சின்னக் காய் கிடைத்தது. எள்ளும் மல்லாட்டையும் வறுத்து அரைத்து, புளி கரைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடினேன். முக்கால் மணி நேரம் கொதித்தது. குழம்பு சுண்டிப் பிடித்துக்கொண்டது, காய் மட்டும் ரப்பர் மாதிரி கிடந்தது. அன்று ஊரை நினைத்து அழுகை வந்துவிட்டது. எல்லாப் பொருளும் கையில் இருந்தும் அந்த ருசி வரவில்லையே என்ற அழுகை.

ஆம்பூர் நண்பனுக்குக் கடிதம் போட்டு, நாள் நேரம் குறித்து, அவர்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு அவன் அம்மாவை வரச்சொன்னேன். கேட்டவுடன் சிரித்துவிட்டார். "பேட்டா, புளியை முதல்லயே ஊத்தினா காய் எப்படி வேகும்? வெறைச்சிக்கும். எண்ணெயில நல்லா துவளட்டும், அப்புறம் புளி. எண்ணெயைக் கஞ்சத்தனம் பண்ணாம ஊத்து."

அவ்வளவுதான் விஷயம். புளிப்புப் பட்டால் காய் இளகாது. அரைக் கிலோ காயைக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டால் கறுக்காது. துடைத்துவிட்டு நல்லெண்ணெயில் தோல் சுருங்கும் வரை வதக்கி எடுத்து வைக்க வேண்டும். அதே எண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், பிறகு ஒரு கைப்பிடி மல்லாட்டையும் இரண்டு ஸ்பூன் எள்ளும் அரைத்த விழுது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வந்தால்தான் புளித்தண்ணீர். எலுமிச்சை அளவு புளி போதும். பச்சை வாடை போனதும் வதக்கி வைத்த காயைத் திரும்ப அதில் போட்டு, வெல்லம் சேர்த்து, சின்னத் தீயில் பத்து நிமிஷம். காய் வாங்கும்போது கையில் எடை பாருங்கள். அளவுக்குக் கனமான காயில் விதை அதிகம்.

மசால் வடை, போண்டா எல்லாம் எனக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டன. கடலைப்பருப்பை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாமல் இருந்தால் வடை மொறுமொறுவென்று வரும், அதில் பெரிய வித்தை இல்லை. கட்டாவுக்குத்தான் ஒரு அம்மாவின் குரல் தேவைப்பட்டது. அவர் இப்போது இல்லை. காய் துவளும்போது இன்றும் அடுப்பை விட்டு நகர மாட்டேன்.

வரும் பொங்கல் விழாவில் சங்கத்தாருக்குக் கட்டா என் பொறுப்பு என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். ஐம்பது பேருக்கு ஆறு கிலோ காயாவது வேண்டும். எள்ளையும் மல்லாட்டையையும் நானே வறுத்து வைத்துவிடுவேன். காய் கீற மட்டும் முந்தின நாள் சாயங்காலம் நாலு பேர் வீட்டுக்கு வாருங்கள். ஆம்பூர்க்காரர் யாராவது இருந்தால் புளி ஊற்றும் நேரத்துக்குக் கட்டாயம் வேண்டும்.