ஜன்னலோரம் போன தையல் மெஷின்

நவம்பர் 30, 2024, தண்டையார்பேட்டை

காலை பத்து மணிக்கும் டியூப்லைட் எரிகிறது. ஃபெஞ்சல் புயல் இன்று ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடக்குமாம். ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன்.

தீபாவளி முடிந்தால் வருஷா வருஷம் இதே கதைதான். அழுகையெல்லாம் இல்லை. யாராவது கூப்பிட்டால் ‘என்ன’ என்று கேட்கக்கூட வாய் வராது. தூக்கம் மட்டும் நிறைய வரும், அப்புறம் பஜ்ஜி ஆசை. அம்மா இதற்கு வைத்திருக்கும் பெயர் மழைச் சோம்பல். வைத்துக்கொள்ளட்டும்.

டிசம்பர் 3

டொரண்டோவிலிருந்து தம்பி வீடியோ காலில் வந்தான். அவன் முகத்துக்குப் பக்கத்தில் சிலேட்டு மாதிரி ஒரு வெள்ளை விளக்கு. 10,000 லக்ஸ் வெளிச்சமாம். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் அதன் முன்னால் இருக்க வேண்டும். உற்றுப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் வைத்துக்கொண்டு டீ குடித்தால் போதும். அங்கே டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரம்கூட முழுசாக இல்லை. குளிர்காலத்தில் வரும் இந்த வாட்டத்துக்கு 1984இல் நார்மன் ரோசந்தால் என்ற டாக்டரும் அவருடன் வேலை செய்தவர்களும் ‘சீசனல் அஃபெக்டிவ் டிஸார்டர்’ என்று பெயர் வைத்தார்கள் என்றான்.

“உனக்கும் ஒண்ணு அனுப்பட்டுமாக்கா?”

“இங்க பதினோரு மணி நேரத்துக்கு மேல பகல் இருக்குடா. நான்தான் உள்ளயே கிடக்கிறேன்.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

எனக்கு இருப்பது அவனுக்கு இருப்பதுதானா என்று நானே முடிவு கட்டக் கூடாது. போன வருஷம் தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் பார்த்த டாக்டர், “ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், சாப்பாடு, வேலை மூணும் கெட்டா காத்திருக்காம வாம்மா” என்று சொல்லியிருக்கிறார். மனநல உதவிக்குக் கூப்பிடும் டெலி மானஸ் எண் 14416ஐ மெஷின் டிராயரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இதுவரை கூப்பிட்டதில்லை.

டிசம்பர் 5

மெஷினை ஜன்னலோரம் நகர்த்தினேன். ஊசியில் நூல் ஒரே தடவையில் ஏறியது. சாயங்காலம் சாரல் அடித்து ஒரு அக்காவின் லைனிங் துணி நனைந்ததுதான் மிச்சம். திட்டு வாங்க வேண்டும்.

டிசம்பர் 15

அம்மாவோடு திருவொற்றியூர். ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம் எடுத்திருக்கும் நாள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி வருஷத்தில் மூன்று நாள்தான் புற்று லிங்கத்தைக் கவசம் இல்லாமல் பார்க்கலாம். புனுகு வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. வரிசை நகரவே இல்லை, வெயில் நேராக முகத்தில் அடித்தது. அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார், நான் போடவில்லை. தம்பி காசு கொடுத்து வாங்கியதை இங்கே சாமி சும்மா கொடுக்கிறார்.

டிசம்பர் 21

வருஷத்திலேயே குறைந்த பகல் இன்றைக்கு. ஆனால் பொழுது சாய்வது போன மாதக் கடைசியிலேயே 5.40 வரைக்கும் வந்துவிட்டு, இப்போது ஆறேழு நிமிஷம் தள்ளிப் போயிருக்கிறது. இது தெரிந்ததும் ஏதோ பாக்கி வசூலான மாதிரி ஒரு சந்தோஷம். சூரியன் உதிப்பது மட்டும் தை வரைக்கும் இன்னும் தாமதமாகும்.

அதனால் என்ன, ஐந்தரைக்கே வாசலில் நிற்கிறேன். பத்து வருஷமாக மார்கழியைப் போர்வைக்குள்ளேயே கழித்திருக்கிறேன்! ஈரத்தரையில் மாவு பிடிக்காமல் கோலம் கோணிக்கொண்டு போனது. எதிர்வீட்டு ஆயா பூசணிப்பூவைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, “இப்போ கோணல் தெரியாது” என்றார்.

ஜனவரி 5

ஞாயிறு. காசிமேட்டுக்கு நடந்தே போனேன். வஞ்சரம் விலையைக் கேட்டுவிட்டு நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தேன். பச்சை மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு. இந்தக் குழம்புக்கு இந்த மாதம்தான். மே மாதத்தில் மொச்சைக்கு எங்கே போவது?

ஜனவரி 8

மறுபடி மேகம். பழைய மந்தம் எட்டிப் பார்த்தது. மதியம் படுத்துவிட்டேன். நாலு மணிக்கு எழுந்து பால் வாங்கும் சாக்கில் தெருமுனை வரை போய் வந்தேன். அவ்வளவுதான்.

ஜனவரி 13, போகி

விடியற்காலையிலேயே ஒரே புகை. அம்மா இருமுகிறார். கோலப்பொடி டப்பாவை உள்ளே வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். நாளை பொங்கல், இன்னும் நாலு ரவிக்கை பாக்கி. புகை கலைந்து வெளிச்சம் வந்ததும் ஜன்னலைத் திறந்து உட்கார வேண்டும்.