பேக்கப் ஸ்கிரிப்டில் டைரக்டரியை ஆப்ஷனாக்கும்போது

மூல டைரக்டரியையும் சேருமிடத்தையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவைத்தால், இன்னொரு சர்வருக்குப் போகும்போது அது இரண்டு ஸ்கிரிப்டாகிவிடும். ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் விட்டுப்போகும். அதனால் பாதைகளை வெளியிலிருந்து வாங்குவதே சரி. அதற்கான வரிகள் கொஞ்சம்தான். வந்த பாதையைச் சோதிப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

யார் சொல்வது செல்லும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கட்டளை வரியில் கொடுத்த ஆப்ஷனுக்கு முதலிடம், அடுத்து சூழல் மாறி (ஷெல் ஸ்கிரிப்டுக்குத் தரும் பெயரிட்ட மதிப்பு), பிறகு கான்ஃபிக் ஃபைல், கடைசியாக டீஃபால்ட். கான்ஃபிக் ஃபைலைப் புள்ளிக் கட்டளையால் (ஃபைலின் வரிகளை ஸ்கிரிப்டுக்குள்ளேயே ஓட்டும் ".") உள்ளே இழுத்தால், அது சூழல் மாறியின் மதிப்பை மேலெழுதிவிடும். எனவே இழுப்பதற்கு முன்பே அந்த மதிப்பை வேறு பெயரில் எடுத்துவையுங்கள். ஸ்கிரிப்ட் ரூட்டாக (முழு அதிகாரம் கொண்ட பயனராக) ஓடினால் அந்த ஃபைலில் உள்ளதெல்லாம் ரூட்டாகவே ஓடும் என்பதால், ரூட்டைத் தவிர யாருக்கும் அதில் எழுதும் அனுமதி இருக்கக் கூடாது. ரூட் அதிகாரம் தரும் சூடோ வழியாக ஓட்டினால் சூழல் மாறிகள் பெரும்பாலும் கழற்றப்பட்டுவிடும். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரானும் உங்கள் பாஷ் அமைப்புகளைப் படிக்காது. கிரானுக்கு ஆப்ஷன் அல்லது கான்ஃபிக் ஃபைல்தான் நம்பகமானது.

ஆப்ஷன்களைப் படிக்க ஷெல்லில் உள்ள கெட்ஆப்ட்ஸ் கட்டளை போதும். ஆனால் பாதை கேட்கும் "-டி" ஆப்ஷனுக்குப் பிறகு பாதையை எழுத மறந்து, "-என்" என்ற அடுத்த ஆப்ஷனைத் தொடர்ந்தால், அந்த "-என்"னையே டைரக்டரிப் பெயராக எடுத்துக்கொள்ளும். வெற்று மதிப்பு இதைவிட மோசம். மாறிக்கு டீஃபால்ட் கொடுக்கும் ":-" வடிவம் வெற்று மதிப்பையும் இல்லாததாகவே கருதி, சத்தமில்லாமல் டீஃபால்டுக்குப் போய்விடும். வரையறுக்காத மாறியைக் கண்டால் நிறுத்தும் "செட் -யூ"வும் வெற்று மதிப்பைப் பிடிக்காது. ஆகவே ஆப்ஷனைப் படிக்கும் இடத்திலேயே, மதிப்பு "/" என்று தொடங்காவிட்டால் பிழை சொல்லி நிறுத்துங்கள். இந்த ஒரே சோதனை வெற்று மதிப்பு, விழுங்கப்பட்ட ஆப்ஷன், கிரானில் ஹோம் டைரக்டரியிலிருந்து தவறாகக் கணக்கிடப்படும் சார்புப் பாதை ஆகிய மூன்றையும் தடுக்கும். அதன்பின், பாதை இருக்கிறதா என்றும் பார்க்கும் ரியல்பாத் "-இ" கொண்டு உண்மையான பாதையைப் பெற்று, விடை வெறும் "/" ஆக இருந்தால் மறுத்துவிடுங்கள்.

இந்தக் கண்டிப்பு மிகையல்ல. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் (கேம் தளம்) ஸ்கிரிப்டில் வெளிப்பட்ட பிழை இதே வகைதான். டைரக்டரி மாறி வெற்றாகப் போனதால், அதன் பின்னால் இருந்த "/*" மட்டும் ஃபைல்களை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்கு மிஞ்சியது. பயனர்களின் சொந்த ஃபைல்கள் அழிந்தன.

சேருமிடம் இல்லையென்றால் எம்கேடிர் "-பி" போட்டு உருவாக்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக வரும் டிஸ்க்) மவுண்ட் ஆகாத, அதாவது அந்த டைரக்டரியில் இணைக்கப்படாத, இரவில் அது ரூட் டிஸ்கிலேயே டைரக்டரியை உருவாக்கி நிரப்பிவிடும். பிறகு மவுண்ட் ஆனதும் அந்த ஃபைல்கள் அடியில் மறைந்துகொள்ளும். டிஸ்கின் மொத்தப் பயன்பாட்டைச் சொல்லும் டிஎஃப் இடம் போனதாகக் காட்டும், ஃபைல்களைக் கூட்டிப் பார்க்கும் டியூவுக்கோ எதுவும் தெரியாது. மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சோதிக்கலாம்தான், ஆனால் சேருமிடம் மவுண்டுக்குள் இருக்கும் துணை டைரக்டரி என்றால் அது உதவாது. சேருமிடத்தில் ஒரு வெற்று அடையாள ஃபைலைக் கையால் வைத்து, அது இல்லாவிட்டால் ஸ்கிரிப்டை நிறுத்துவதே எனக்குப் பிடித்த வழி. மவுண்ட் இல்லாதபோதும் பாதை தவறும்போதும் அது காப்பாற்றும்.

பழைய பேக்கப்புகளை ஃபைண்ட் மூலம் நீக்கும்போது பெயர் வடிவத்தையும் "-எம்டைம் +14" என்ற வயது நிபந்தனையையும் முதலில் எழுதி, "-டெலீட்"டைக் கடைசியில் வையுங்கள். அதை முன்னால் எழுதினால் நிபந்தனைகளைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்துவிடும். +14 என்பது முழுதாக 15 நாள் கடந்தவற்றையே பிடிக்கும்.